பவளப்பாறை பாறையா?

கோத்தா கினாபாலுவில் படித்த, படிக்கின்ற நம் கழக மாணவர்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு படம் இருக்கும். பின்னால் நீலக்கடல், ஓரத்தில் மானுக்கான் தீவின் படகுத்துறை, முன்னால் கழகச் சட்டை அணிந்த முப்பது நாற்பது பேர். எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆனால், ஒருவர் சட்டைகூட நனைந்திருக்காது. முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களும் அக்காமார்களும் தங்கள் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் சொல்வது பொய்யென்றால் இந்தத் தங்கையை மன்னித்துவிடுங்கள்.

என்னிடமும் அப்படி இரண்டு படங்கள் உள்ளன. மூன்றாம் முறை போனபோதுதான் நனைந்தேன். அன்று நான் செய்த ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செயலன்று. இருப்பினும், என்னைப்போல் இன்னும் பலர் அதே தவற்றைச் செய்யக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நம் விடுதியின் மேல்மாடியில் நின்றால் தெரியும் அந்தத் தீவுகள் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. காயா, சாப்பி, மானுக்கான், மாமுத்திக், சூலுக் ஆகிய ஐந்து தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் சேர்ந்ததே துங்கு அப்துல் ரஹ்மான் பூங்கா. நாட்டின் முதல் பிரதமரின் பெயரைத் தாங்கிய இப்பூங்கா, 1974இல் காயா, சாப்பி தீவுகளோடு தொடங்கப்பட்டது. 1979இல் மற்ற மூன்று தீவுகளும் சேர்க்கப்பட்டன. மொத்தப் பரப்பளவு 4,929 ஹெக்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல். அதாவது, இந்தப் பூங்காவின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கரையில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமலே வீடு திரும்புகிறவரைப் போன்றவர்.

கடந்த ஆண்டு பருவ விடுமுறையில் தோழியர் ஆறு பேர் ஜெசல்டன் பாயிண்ட் படகுத்துறையிலிருந்து சாப்பித் தீவுக்குப் புறப்பட்டோம். இருபது நிமிடப் பயணம்கூட இல்லை. மிதவைச் சட்டை, முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்தோம். ஆறு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. 'மிதவைச் சட்டைதான் இருக்கிறதே' என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டோம்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த முதல் நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட மீன்கள் என் கைக்கு எட்டும் தூரத்தில் நீந்தின. கீழே பழுப்பும் ஊதாவுமாய் ஒரு காடு. மான்கொம்புபோல் கிளை விரித்தவை சில. மேசைபோல் தட்டையாய்ப் பரந்தவை சில. உருண்டையாய், மூளையைப்போல் சுருக்கம் விழுந்தவை சில. 'அடியே, இங்கே பாரேன்!' என்று கத்த வாயைத் திறந்தேன். குழாய் நழுவியது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. அவ்வளவுதான், கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. நிற்க ஓரிடம் வேண்டும் என்று கால்கள் தாமாகவே தேடின, கிடைத்தது. பாறைதானே என்று முழு எடையையும் போட்டு நின்றேன்.

காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் காலுக்கடியில் ஏதோ ஒடிந்தது.

"டிக், ஜாங்கான் பிஜாக்!" என்று ஒரு குரல். 'தங்கச்சி, மிதிக்காதே' என்று கத்திய அந்தப் படகு உதவியாளருக்கு என் வயதுதான் இருக்கும். பஜாவ் இனத்தவர். என் மிதவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மிதவைக் கயிற்றைக் கையில் கொடுத்தார். நான் இருமி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மூழ்கி, ஒடிந்த துண்டை எடுத்து வந்து காட்டினார். ஒரு சாண் நீளம். வெளியே பழுப்பு, நுனியில் வெளிர் நிறம், ஒடிந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. "நான் கல் என்று நினைத்துவிட்டேன்" என்று மலாயில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இத்து புக்கான் பாத்து, டிக். இத்து ஹிடுப்" என்றார். அது கல்லில்லை, உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு மறுபடியும் மூழ்கி, அந்தத் துண்டை ஓர் இடுக்கில் அசையாதபடி செருகிவிட்டு வந்தார். இப்படி உறுதியாக ஊன்றிவிட்டால் சில துண்டுகள் பிழைத்து வளரும் என்றார். அது பிழைத்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. நான் கெடாவில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். தமிழ்ப்பள்ளியில் 'பவளம்' என்றால் நவமணிகளில் ஒன்று என்று மனனம் செய்தேன். செவ்வாய்க்குரிய கல் என்று என் அத்தை விரலில் சிவப்பாய் மின்னியதும் அதுவே. இடைநிலைப்பள்ளியில் 'தெரும்பு காராங்' என்றும் 'கோரல் ரீஃப்' என்றும் எழுதினேன். மூன்று மொழிகளிலும் பெயர் தெரியும். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால், மிதித்தால் சாகும் உயிர் அது என்பது மட்டும் மனத்தில் பதியவே இல்லை. மணி என்றோம், கல் என்றோம், பாறை என்றோம். பாறை என்றால் ஏறி நிற்கத்தானே தோன்றும்?

உண்மையில் பவளம் ஒரு விலங்கு. பொலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாய் வாழ்கின்றன. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக்கொண்டு உணவு சமைத்துப் பவளத்திற்குக் கொடுக்கிறது. பவளம் பாசிக்கு இருப்பிடம் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தக் குடித்தனக்காரரால் வந்ததே. கடல்நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே போதும், இந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். பவளம் வெளிறிப்போகும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

அதன் வளர்ச்சியோ மிக மெதுவானது. கிளைவிடும் வகை ஆண்டுக்குப் பத்து செண்டிமீட்டர் அளவு வளரலாம். உருண்டை வகை ஆண்டுக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நான் ஒடித்த ஒரு சாண் கிளைக்கு அருகில் என் இடுப்பளவு உயரத்தில் ஓர் உருண்டைப் பவளம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். என் பாட்டி பிறப்பதற்கு முன்பே இருந்த ஒன்றின் மீது கொஞ்சம் தள்ளிக் கால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் கூசுகிறது.

இன்னொரு செய்தியும் படித்து வியந்தேன். பல பவள வகைகள் ஆண்டுக்கு ஒரே முறை, நிலவைக் கணக்கு வைத்து, ஒரே இரவில் கூட்டாக இனப்பெருக்கம் செய்கின்றன. சிங்கப்பூர்க் கடலில் இது பெரும்பாலும் ஏப்ரல் மாதப் பௌர்ணமிக்குப் பின் மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள் நடக்கிறது. நம் சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள்கள்! நாம் கோயிலில் நிலவைப் பார்த்துக் கும்பிடும் வேளையில் கடலுக்கடியிலும் ஒரு திருவிழாவுக்கு நாள் குறிக்கப்படுகிறது. இதை யாராவது தமிழ்ப்பள்ளியில் எனக்குச் சொல்லியிருந்தால் 'பவளம்' என்ற சொல் விரல் மோதிரத்தோடு நின்றிருக்காது.

இப்பொழுது என் கேள்விக்கு வருகிறேன். அன்று நான் ஒடித்ததற்குக் காரணம் என்ன? அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், கல் என்று நினைத்தது பாதிக் காரணந்தான். பயம் மீதிக் காரணம். நீந்தத் தெரிந்தவள் அந்த இடத்தில் கால் ஊன்றியிருக்கமாட்டாள். இருமிக்கொண்டே மிதந்திருப்பாள்.

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது எனக்கு ஒரு வயது. மலேசியாவில் 68 உயிர்கள் பறிபோயின. எங்கள் கெடாவில் கோத்தா கோலா மூடா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. லோரி ஓட்டுநரான அப்பா அந்த வாரம் அவ்வழியாகச் சரக்கு ஏற்றிச் சென்றவர். வீட்டுக்குள் புகுந்து கிடந்த படகுகளைப் பார்த்தவர். அதன் பிறகு எங்கள் குடும்பம் கடற்கரைப் பக்கமே போனதில்லை. பள்ளிச் சுற்றுலா என்றாலும் கையொப்பம் கிடைக்காது. "கடல் நம்ம எடம் இல்லமா" என்பார். அவ்வளவுதான் விளக்கம். எங்கள் கெடா கடலிலேயே பாயார் தீவும் அதைச் சுற்றிப் பவளத்திட்டும் உண்டு. 1994 முதல் அது அரசிதழில் இடம்பெற்ற கடல் பூங்கா. இந்தச் செய்தியை நான் சபாவுக்கு வந்த பிறகே அறிந்தேன்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ட காட்சி அப்படி. ஆனால், 'நம்ம எடம் இல்லை' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். என் கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பலில் வந்திறங்கியவர். கடலைத் தாண்டி வந்த குடும்பம் கடலில் கால் நனைக்க அஞ்சுகிறது. ஐந்திணையில் நெய்தலுக்குக் கருப்பொருள், உரிப்பொருள் எல்லாம் ஒப்பிக்கிறோம். நெய்தல் நிலத்திற்குப் போனால் கரையில் நின்று படம் எடுக்கிறோம். தமிழருக்கும் பவளத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. அப்பகுதித் தமிழ் மீனவர்கள் கடலடித் திட்டைப் 'பார்' என்ற தனிச்சொல்லால் அழைக்கிறார்கள். மொழியில் இடம் இருக்கிறது. நம் வாழ்க்கையில்தான் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் தடை ஒன்று உண்டு. 'பொம்பளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு? என்ன உடுத்திக்கொண்டு இறங்குவாய்?' என்பார்கள். நம் வளாக நீச்சல் குளத்தில் உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடை அணிந்து முஸ்லிம் தோழியர் நாள்தோறும் நீந்துகிறார்களே! உடை ஒரு சாக்கு மட்டுமே. சொல்லப்போனால் நீண்ட கையுடைய நீச்சலுடை பவளத்திற்கும் நல்லது. வெயிலுக்குப் பூசும் சில களிம்புகளில் உள்ள ஆக்ஸிபென்சோன் போன்ற பொருள்கள் பவளத்திற்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால் பலாவு நாடு 2020இலும் ஹவாய் மாநிலம் 2021இலும் அவற்றின் விற்பனையைத் தடுத்தன. உடம்பை மூடினால் களிம்பு குறையும்.

இக்கருத்தைக் கழகக் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. முதலாவது: 'போனால்தானே மிதிப்போம்? போகாமலே இருந்துவிட்டால் பவளம் பிழைக்குமே.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சில வேளைகளில் அது தேவையும்கூட. 2010இல் பவளங்கள் பெருமளவில் வெளிறியபோது தீபகற்பத்தின் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை அரசு சில மாதங்களுக்கு மூடியது. நோயாளிக்கு ஓய்வு கொடுப்பதுபோல. ஆனால், என்றென்றும் விலகி நிற்பது வேறு. பார்க்காத ஒன்றுக்காக யாரும் வருந்தமாட்டார்கள். சாப்பித் தீவில் முகத்தைத் தண்ணீரில் வைப்பதற்கு முன் பவளம் அழிகிறது என்ற செய்தியை நான் நூறு முறை கேட்டிருப்பேன். ஒருமுறைகூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 'உலகமே சூடாகிறது. நாம் ஒரு கிளையை மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன?' உண்மைதான். 1998, 2010 ஆகிய ஆண்டுகளிலும் 2014 முதல் 2017 வரையிலும் உலகளவில் பவளங்கள் வெளிறின. 2023இல் தொடங்கிய வெளிறல் நான்காவது உலகளாவிய நிகழ்வு என்று 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த வெப்பத்தை நம் கழகம் தணிக்க முடியாது. ஆயினும், காய்ச்சலில் கிடக்கும் ஒருவரை நாமும் சேர்ந்து மிதிக்கலாமா? மிதிபடாத, குப்பை விழாத, வெடி வைக்கப்படாத திட்டு வெப்பத்திற்குப் பின் மீண்டெழ வாய்ப்பு அதிகம். நம்மால் ஆவது அந்த வாய்ப்பைக் கெடுக்காமல் இருப்பதே.

வெடி என்றதும் நம்மில் சிலர் உடனே காயாத் தீவின் நீர்க்கிராமங்களை நோக்கி விரல் நீட்டுவார்கள். சபாக் கடலில் மீன் குண்டு நெடுங்காலப் பிரச்சினை என்பதை மறுக்கவில்லை. அது சட்டவிரோதம், பவளத்தை நொறுக்கிவிடும். ஆனால், குடியுரிமையோ குப்பை லோரியோ இல்லாமல் வாழ்கிறவர்களைப் பார்த்து 'இவர்களால்தான் எல்லாம்' என்று சொல்லும் நாம், நம் சுற்றுலாவின் முடிவில் எத்தனைப் பொலிஸ்திரீன் பெட்டிகளை விட்டு வந்தோம் என்று எண்ணிப் பார்த்தோமா? என்னைத் தடுத்ததும் ஒடிந்ததைச் செருகி வைத்ததும் அந்தக் கடலோர மக்களில் ஒருவரே. பல்கலைக்கழக மாணவி ஒடித்தாள். பஜாவ் இளைஞர் ஊன்றினார். இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நாம் வாழும் இடத்தின் அருமையும் நமக்குத் தெரியவேண்டும். மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், பாப்புவா நியூ கினி, தீமோர் லெஸ்தே, சாலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளின் கடற்பகுதியைப் பவள முக்கோணம் என்பார்கள். உலகில் பவளத்திட்டுகளைக் கட்டும் பவள வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இங்கேதான் உண்டு. சபா அதன் ஓரத்தில் இருக்கிறது. 2016இல் இம்மாநிலத்தின் வடக்கில் துன் முஸ்தாபா பூங்கா ஏறக்குறைய ஒன்பது இலட்சம் ஹெக்டரில் அமைக்கப்பட்டது. உலகமே தேடி வரும் இடத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் தங்கிப் படித்துவிட்டு, நனையாத சட்டையோடு விமானம் ஏறுவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே, நம் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, தீவுச் சுற்றுலாவுக்கு முன் விரும்பும் உறுப்பினர்களுக்கு வளாகக் குளத்தில் நான்கு மாலைகளாவது மிதக்கக் கற்றுக்கொடுப்போம். போட்டியில் வெல்லும் நீச்சல் வேண்டாம். பதற்றம் இல்லாமல் மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும். இரண்டு, படகில் ஏறுமுன் பத்து நிமிடம் தமிழில் ஒரு விளக்கம். பவளம் உயிர் என்பதையும், தொடாதே, மிதிக்காதே, எடுக்காதே என்பதையும் நம் மொழியில் ஒருமுறை கேட்கட்டும். தமிழ்ப்பள்ளியே இல்லாத மாநிலத்தில் தமிழில் அறிவிப்புப் பலகை கேட்டு நிற்பதைவிட, நாமே ஒருவருக்கொருவர் பலகையாய் இருப்போம். மூன்று, நம்மில் பலர் விடுமுறையில் ஊர்த் தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். தேர்வு வழிகாட்டிக்கு நடுவே அரைமணி நேரம் கடலைப் பற்றியும் பேசுவோம். ஒரு பிள்ளையாவது 'பவளம்' என்றதும் மோதிரத்தை விட்டுவிட்டு மீனையும் பாசியையும் நிலவையும் நினைக்கட்டும்.

இதை எழுதும் இந்நேரத்தில் நான் வியாழக்கிழமைதோறும் குளத்திற்குப் போகிறேன். இதுவரை மிதக்கத்தான் வந்திருக்கிறது. போன வாரம் அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன், ஒடித்ததையும் சேர்த்து. பட்டமளிப்பு விழாவுக்கு வரும்போது சாப்பித் தீவுக்குக் கூட்டிப்போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அங்க தண்ணி எவ்வளவு ஆழம்மா?" என்று கேட்டார்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். பயம் கடலையும் காக்காது, நம்மையும் காக்காது. பழகினால்தான் காக்கத் தோன்றும். அடுத்த ஆண்டு மலரில் வரும் கழகப் படத்தில் எல்லார் சட்டையும் நனைந்திருக்கட்டும். ஆனால், ஒருவர் காலும் பவளத்தின் மேல் படாதிருக்கட்டும்.